மண் குடிக்காத தண்ணீர்

ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அதைத் திரும்பப் பெற வழியில்லாமல் மூன்று ஆண்டுகளாக மனத்தில் சுமந்துகொண்டிருக்கிறேன். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், லவுண்ட்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது), என்னோடு பணிபுரியும் நண்பரின் தாயாருடைய வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு சொன்னது அது. “இதற்கு யார்தான் என்ன செய்ய முடியும், மேம்? இந்த மண்ணின் குணம் அப்படி.” எழுபத்தாறு வயதான அந்த அம்மையாருக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் அந்த நேரத்தில் நினைத்தேன். பொறியியல் படித்தவன், கரிசல் காட்டில் பிறந்து வளர்ந்தவன், இந்த மண்ணைப் பற்றிப் பேச எனக்கு இரட்டை உரிமை உண்டு என்றுகூட உள்ளுக்குள் ஓர் எண்ணம் இருந்திருக்க வேண்டும். அவர் திருப்பிக் கேட்ட ஒரு கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டும். ஆனால் மண்ணிலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும்.

இரண்டு கரிசல்கள்

எனக்குச் சொந்த ஊர் சாத்தூருக்குப் பக்கத்தில். கரிசலில் வளர்ந்தவனுக்கு அதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரையில் நிலம் பாளம் பாளமாக வெடித்து, சிறுவனின் கை முழங்கை வரை உள்ளே போகுமளவுக்குப் பிளந்து கிடக்கும். ஐப்பசியில் நல்லதாக ஒரு மழை விழுந்துவிட்டால் அதே நிலம் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. வண்டிச் சக்கரத்தில் அப்பிய மண்ணைக் குச்சியால் கிளறி எடுத்துவிட்டுத்தான் அடுத்த பத்து அடி நகர முடியும். வீடு கட்டுகிறவர்கள் கருமண்ணைத் தோண்டிக்கொண்டே போய், வெள்ளையாகச் சுக்கான் கல் தட்டுப்பட்ட பிறகுதான் அஸ்திவாரத்தைத் தொடங்குவார்கள். அவசரப்பட்டு மேலோடு கட்டியவர்களின் சுவர்களில் இரண்டே கோடையில் விரிசல் ஓடியிருக்கும்.

2014இல் மாண்ட்கமரி நகருக்கு வேலைக்கு வந்தேன். 2005இல் அங்கே ஹூண்டாய் கார் ஆலை திறக்கப்பட்ட பிறகு, சுற்றுவட்டாரத்தில் உதிரிபாகம் செய்யும் ஆலைகள் பல முளைத்தன. அவற்றில் ஒன்றில் எனக்கு வேலை. 80ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே போனால், லவுண்ட்ஸ் கவுண்டிக்குள் அது இருக்கிறது. வந்த முதல் மாதம், மழை ஓய்ந்த ஒரு காலையில், கட்டடத்தின் பின்புறம் காரிலிருந்து இறங்கினேன். இரண்டாவது அடியில் செருப்பைப் போலவே ஷூவும் மாட்டிக்கொண்டது. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். எண்ணெய் தடவியது போன்ற அந்த வழுவழுப்பு எனக்கு ஐந்து வயதிலிருந்து தெரியும். பிறகு தேடிப் படித்தேன். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்திருக்கிறது. அந்தக் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறைதான் இன்றும் கீழே இருக்கிறது. அதற்கு மேலே, நனைந்தால் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் ஸ்மெக்டைட் வகைக் களிமண். நம் கரிசல் எரிமலைப் பாறையிலிருந்தும் பிற பாறைகளிலிருந்தும் வந்தது என்பார்கள். பிறப்பு வேறாக இருந்தாலும் நடத்தை ஒன்றுதான். பருத்திக்கு இரண்டுமே உகந்த மண்.

அந்தப் பருத்தியைத் தேடித்தான் தோட்ட முதலாளிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பகுதிக்கு வந்தார்கள். அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்களை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்தார்கள். கவுண்டி 1830இல் உருவானது. மண்ணின் நிறத்தால் ‘பிளாக் பெல்ட்’ என்று பெயர் பெற்ற நிலப்பகுதி, பின்னாளில் அங்கே பெரும்பான்மையாக வாழ்ந்த மக்களின் நிறத்தையும் குறிக்கும் சொல்லாக ஆனது என்று 1901இலேயே கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் எழுதியிருக்கிறார். 2020 கணக்கெடுப்பின்படி லவுண்ட்ஸில் 10,311 பேர் வாழ்கிறார்கள். நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் கறுப்பின மக்கள்.

1965ஆம் ஆண்டு கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகச் செல்மாவிலிருந்து மாண்ட்கமரிக்கு நடந்த 54 மைல் நடைபயணத்தைப் பற்றி இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வழியின் நடுப்பகுதி முழுவதும் லவுண்ட்ஸ் கவுண்டிதான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். சாலை இருவழியாகச் சுருங்கும் அந்தப் பகுதியில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாதென்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்கு கறுப்பின மக்களாக இருந்தும், அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவர்களில் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பெயரைப் பதிந்தவர்களை நில முதலாளிகள் குடியிருந்த வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அவர்கள் நெடுஞ்சாலையோரம் கூடாரம் அடித்து இரண்டு ஆண்டுக்காலம் குழந்தைகளோடு வாழ்ந்தார்கள். தங்களுக்கென்று ஒரு கட்சியைத் தொடங்கி, எழுத்தறியாதவர்களும் அடையாளம் கண்டு வாக்களிக்கக் கருஞ்சிறுத்தையைச் சின்னமாக வைத்தார்கள். சின்னம் பார்த்து வாக்களித்துப் பழகிய நமக்கு அந்தச் சின்னத்தின் அருமை எளிதில் புரியும். 1970இல் அந்த இயக்கத்திலிருந்து வந்த ஜான் ஹியூலெட் கவுண்டியின் ஷெரீஃபாக, அதாவது காவல்துறைத் தலைவராக, தேர்ந்தெடுக்கப்பட்டார். ஐந்து ஆண்டுகளில் ஒரு கவுண்டி கடந்த தொலைவு அது. கூடாரங்கள் இருந்த இடத்தில் இன்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நண்பரின் தாயார் அந்தக் கூடாரங்களுக்குச் சோளரொட்டி சுமந்துபோன பெண்களில் ஒருவர்.

ஊர் திரும்பும் ஞாயிறு

நண்பர் எங்கள் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். எட்டு ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்த பிறகு, தங்கள் தேவாலயத்தின் ‘ஹோம்கமிங்’ ஞாயிற்றுக்கு வரும்படி என்னை அழைத்தார். நம் ஊர்க் கொடைக்கு அது மிகவும் நெருக்கமான நாள். சிகாகோ, டெட்ராய்ட், கிளீவ்லேண்ட் என்று இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பே வடக்கே பிழைக்கப் போன குடும்பங்கள், ஆண்டுக்கொருமுறை அந்த நாளுக்காகத் திரும்பி வருகின்றன. மரத்தாலான சிறிய தேவாலயம். பின்னால் கல்லறைத் தோட்டம். வெள்ளைக் கையுறை அணிந்து ஆட்களை அமரவைக்கும் பெண்கள். பிரசங்கத்துக்கு முன்பு நோயில் கிடப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர், “செவ்வாய்க்கிழமை நான் போய்ப் பார்த்தேன்”, “வியாழனன்று நான் சாப்பாடு கொண்டு போகிறேன்” என்று பதில் சொன்னார்கள். பதில் வராத பெயர் ஒன்றுகூட இல்லை. அதை நான் கவனித்தபடியே இருந்தேன்.

பிற்பகலில் மரத்தடியில் நீண்ட மேசைகளைப் போட்டு விருந்து. பொரித்த கெளுத்தி மீன், வேகவைத்த கீரை, சோளரொட்டி, பீச் பழக் காப்ளர். யாரும் யாரையும் கேட்கவில்லை. தட்டு தானாக நிரம்பியது. நெட்டையான முதியவர் ஒருவர் எனக்கு எதிரே அமர்ந்து, தம் டிராக்டரை இந்த மாதம் எந்த எந்த வீட்டுக்கு அனுப்பினார் என்று கணக்குச் சொன்னார். மழையில் சிக்கிய காரை இழுக்க, விழுந்த மரத்தை அகற்ற, ஒரு விதவையின் வீட்டுக்கு முன்னால் சேற்றை வழிக்க. கூலி வாங்குவதில்லை. கவுண்டி செய்யவேண்டியதில் பாதியை அந்த டிராக்டர் செய்துகொண்டிருந்தது என்று எனக்குப் பட்டது.

முந்தைய இரவு பலத்த மழை பெய்திருந்தது. விருந்து முடிந்ததும் நண்பர் என்னைத் தம் தாயாரின் வீட்டுக்கு அழைத்துப்போனார். மண்சாலையின் முடிவில் ஒரு மொபைல் ஹோம், ஆலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் வீடு. துருப்பிடித்த படிக்கட்டுக்கு இருபுறமும் பெயின்ட் டப்பாக்களில் சாமந்தி. உள்ளே கண்ணாடிபோல் துடைத்து வைத்த கூடம். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, குளியலறை எங்கே என்று கேட்டேன். தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நண்பர் எழுந்து, வா, நான்கு மைல் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது, காரில் போய் வந்துவிடலாம் என்றார். தாயார் அவரைக் கையமர்த்திவிட்டு, “விருந்தாளியிடம் மறைக்க என்ன இருக்கிறது?” என்று என்னை நேராகக் கூட்டிப்போய்க் குளியலறைக் கதவைத் திறந்தார். குளியல் தொட்டியில் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சாம்பல் நிறத் தண்ணீர் நின்றது. மழை பெய்தால் வெளியே போனது உள்ளே திரும்பிவரும் என்றார். தொட்டியின் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் குவளையும் பிளீச் பாட்டிலும் வைத்திருந்தார். விளிம்பு, தரை, சுவர் எல்லாம் அப்படி வெளுத்துக் கிடந்தன. எத்தனை ஆண்டுகளாகத் தேய்த்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன்.

பிறகு கொல்லைக்குப் போனோம். வீட்டின் அடியிலிருந்து நான்கு அங்குல வெள்ளைக் குழாய் ஒன்று புறப்பட்டு, செங்கல் துண்டுகளின் மேல் கிடந்தபடி முப்பது அடி போய், ஒரு மலைவேம்பு மரத்தின் கீழே பள்ளத்தில் முடிந்தது. பள்ளம் நிறையத் தண்ணீர். அசையவில்லை, இறங்கவில்லை. மேலே ஈக்கள். பத்தடி தள்ளி ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. அங்கே நின்றுகொண்டுதான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். எங்கள் ஊரிலும் இதே மண்தான், தண்ணீரைக் குடிக்காது, இதற்கு யார்தான் என்ன செய்ய முடியும் என்று.

அவர் கோபப்படவில்லை. என் முழங்கையைப் பற்றிக்கொண்டு, சேற்றில் வழுக்காமல் என்னைத் திருப்பி நடத்திக்கொண்டே கேட்டார். “நீ வேலை செய்யும் ஆலையும் இதே மண்ணில்தானே இருக்கிறது, பேபி? மழை பெய்தால் அங்கே பொங்குகிறதா?”

ஆலையின் அடியில் இருப்பது

பொங்காது. ஏன் பொங்காது என்பது என்னைவிட நன்றாக அந்த ஆலையில் வேறு யாருக்கும் தெரியாது. 2018இல் ஒரு கட்டடத்தை விரிவாக்கியபோது அந்த வேலையின் கணக்கு என் கையில்தான் இருந்தது. தேவையான இடங்களில் கருமண்ணை வெட்டி எடுத்து லாரிகளில் வெளியே அனுப்பினோம். சில இடங்களில் சுண்ணாம்பைக் கலந்து உருளை ஓட்டி இறுக்கினோம். வெளியிலிருந்து செம்மண் வந்து இறங்கியது. கழிவுநீருக்கு மேடேற்றும் பம்பும் தனிக் குழாய்த் தடமும் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, ஒரு தொகை, கீழே என் கையொப்பம். அங்கே கரிசல் என்பது செலவுத் திட்டத்தில் ஒரு வரி. ‘யார்தான் என்ன செய்ய முடியும்’ என்று அந்தக் கூட்டங்களில் ஒருவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவரை வேலையைவிட்டு அனுப்பியிருப்பார்கள்.

வீட்டுக்கும் அதே மண், அதே இயற்பியல். அமெரிக்காவில் ஐந்து வீடுகளில் ஒன்றுக்கு மேல் செப்டிக் டேங்கை நம்பித்தான் இருக்கிறது. தொட்டியில் கசடு தங்கும். தெளிந்த நீர் துளையிட்ட குழாய்கள் வழியே ஜல்லிப் படுகையில் பரவி மண்ணுக்குள் இறங்கும். இறங்குவதற்கு மண் இடம் கொடுக்க வேண்டும். லவுண்ட்ஸின் கருமண் கொடுக்காது. ஆகவே வெளியிலிருந்து மணலைக் கொண்டுவந்து மேடு கட்டி, பம்பு வைத்து, அந்த மேட்டுக்குள் நீரைச் செலுத்த வேண்டும். அதற்கு இருபதாயிரம் டாலருக்கும் மேல் ஆகலாம். அங்கே பல குடும்பங்களின் முழு ஆண்டு வருமானத்தை அது விழுங்கிவிடும். நகர எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அது வீட்டுக்காரரின் சொந்தப் பொறுப்பு என்கிறது சட்டம். பொறுப்பை நிறைவேற்றாவிட்டால் குற்றம். 2000களின் தொடக்கத்தில், ஒழுங்கான கழிவுநீர் அமைப்பு இல்லாததற்காக இந்தக் கவுண்டியில் ஆட்களுக்கு நோட்டீஸ் போனது; சிலர் கைதும் செய்யப்பட்டார்கள். வாங்க முடியாத ஒன்றை வாங்காததற்காக ஒருவரைக் கைதுசெய்வது என்பதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பொதுச் சாக்கடை இணைப்பு உள்ள வீடுகளாவது தப்பித்தனவா என்றால் அதுவும் முழுவதும் இல்லை. கவுண்டியின் தலைநகரான ஹேன்வில்லில் கழிவுநீர்க் குட்டையோடு இணைந்த வீடுகள் சிலவற்றுக்குள்ளும் மழைக்காலத்தில் அது திரும்பி வந்திருக்கிறது.

கடன் வாங்கலாமே என்று அன்று இரவு நண்பரிடம் கேட்டேன். அவர் நிலத்தின் கதையைச் சொன்னார். அந்த நிலத்தை அவருடைய கொள்ளுத்தாத்தா வாங்கினார், உயில் எழுதவில்லை. வெள்ளையர்களின் நீதிமன்றத்தில் கறுப்பினத்தவரின் உயிலுக்கு மதிப்பு இருக்குமென்று யாரும் நம்பாத காலம் அது. இன்று அந்த நிலத்துக்கு நான்கு மாநிலங்களில் சிதறிய முப்பதுக்கும் மேற்பட்ட வாரிசுகள். நம் ஊரில் கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டு வங்கிப் படியேறியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. நிலத்தை அடமானம் வைக்க முடியாது. மொபைல் ஹோமோ வண்டியைப் போலப் பதிவு செய்யப்படுவது. வாங்கிய நாளிலிருந்தே விலை இறங்கத் தொடங்கும். அரசு மானியம் வந்தாலும் முதல் கேள்வி நிலம் யார் பெயரில் என்பதுதான். இத்தனை முடிச்சுகளில் ஒன்றுகூட மண்ணில் இல்லை. எல்லாவற்றையும் தாண்டிவந்து, கொல்லையில் நின்று, நான் மண்ணைக் கைகாட்டினேன்.

அவருடைய வீட்டுக்கு வெளியே இந்தச் செய்தி தெரியாமல் இருந்ததும் இல்லை. அந்தக் கவுண்டியில் வளர்ந்த கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் என்பவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீடு வீடாகப் போய் இதைப் பதிவு செய்தார். 2020இல் அவருக்கு மெக்ஆர்தர் விருது கிடைத்தது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு 55 பேரின் மாதிரிகளைச் சோதித்து 19 பேரிடம், கழிவு கலந்த மண்ணிலிருந்து தொற்றும் கொக்கிப்புழுவின் தடயத்தைக் கண்டதாகச் சொன்னது. மாநிலச் சுகாதாரத் துறை அந்தச் சோதனை முறையை ஏற்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா.வின் வறுமை குறித்த சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து பார்த்தார். அதற்குப் பிறகு பல நாட்டுச் செய்தியாளர்கள் கேமராவோடு வந்தார்கள். நண்பரின் தாயாருக்கு அவர்கள்மீது வருத்தம் இருக்கிறது. எல்லாரும் பள்ளத்தைப் படமெடுத்தார்கள், என் சாமந்தியை ஒருவரும் எடுக்கவில்லை என்றார். தம் வீடு அசுத்தமான வீடென்று உலகம் நினைத்துவிடுமே என்பதுதான் அவருடைய பெரிய கவலை. ஒரு நாளைக்கு இரண்டுமுறை பிளீச் போட்டுத் தேய்க்கும் பெண்ணுக்கு அந்தக் கவலை எவ்வளவு பெரியது என்பது எனக்கு இப்போது புரிகிறது.

ஆச்சி சொன்னது

அன்று இரவு மாண்ட்கமரிக்குத் திரும்பிய பிறகு தூக்கம் வரவில்லை. அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். பொறியியல் புத்தகத்திலிருந்து வரவில்லை. அது என் ஆச்சியின் வாக்கியம்.

எங்கள் தெருவில் 1980களின் நடுப்பகுதி வரை எடுப்புக் கக்கூஸ்தான், ஆள் வந்து கையால் கழிவை அள்ளிப்போக வேண்டியது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்துக்கு ஒரு சாதியின் பெயரைச் சேர்த்துத்தான் ஊரில் சொல்வார்கள். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. விடியும் முன்பே ஒரு பெண்மணி தகர வாளியும் சாம்பலும் கொண்டு அந்தச் சந்து வழியே வருவார். ஆச்சியைவிட அவருக்கு வயது அதிகம் இருக்கும். ஆறு வயதுச் சிறுவனான நான் அவரைப் பெயர் சொல்லி ‘வா, போ’ என்று பேசினேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. ஒருநாள், பக்கத்து ஊரில் செம்மண் நிலத்தில் இருந்த என் அத்தை வீட்டில் குழிக் கக்கூஸ் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, நம் வீட்டிலும் ஏன் குழி வெட்டக் கூடாது என்று ஆச்சியிடம் கேட்டேன். “கரிசல்ல குழி வெட்டுனா தண்ணி எறங்காதுப்பா. மண்ணு அப்படி. யாரு என்ன செய்ய முடியும்?” என்றார். ஆச்சி பொய் சொல்லவில்லை. கரிசலில் தண்ணீர் இறங்காது என்பது உண்மை. அந்த உண்மையின் மறுபக்கத்தில் ஒரு பெண் வாளியோடு நின்றார் என்பதும், அவர் நிற்கும்வரை எங்களுக்குக் குழியைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதும் அந்தப் பதிலுக்குள் வரவில்லை.

பிறகு நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பெண்மணியின் மகளுக்குச் சிவகாசியில் தீப்பெட்டி ஆபீசில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வாங்கிய வாரம், இனி நீ போகக் கூடாது என்று தாயைத் தடுத்துவிட்டார். ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. தெருப் பெரியவர்கள் ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். கூலியைக் கூட்டித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் வரவே இல்லை. மூன்று மாதத்துக்குள் எங்கள் தெருவில் ஏழு வீடுகளுக்குச் செப்டிக் டேங்க் வந்தது. கொத்தனார் கருமண்ணை ஆழமாக வெட்டி வெளியே எறிந்துவிட்டு, சுற்றிலும் ஆற்றுமணலும் செங்கல் ஜல்லியும் கொட்டி உறிஞ்சுகுழி அமைத்தார். அப்பா நகைக்கடன் வாங்கினார். தண்ணீர் இறங்கியது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இறங்காது என்று சொல்லப்பட்ட அதே கரிசலில்தான்.

இதை எழுதும்போது கை தயங்குகிறது. நாட்டில் அந்த வேலையைத் தடைசெய்யும் சட்டம் 1993இல் வந்தது. 2013இல் இன்னொன்று வந்தது. எங்கள் தெருவில் அதைச் சட்டத்துக்கு முன்பே முடித்துவைத்தவர் அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் பெண். அவருடைய தாயார் எப்போது இறந்தார் என்றுகூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நோயில் கிடப்பவர்களின் பெயரைப் படித்தால் ஒவ்வொரு பெயருக்கும் பதில் வரும் ஓர் ஊரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்த இரவில்தான், அந்த அறியாமை எனக்கு உறைத்தது.

லவுண்ட்ஸையும் சாத்தூரையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. அங்கே கழிவோடு வாழ்பவர்கள் தங்கள் கழிவோடுதான் வாழ்கிறார்கள். எங்கள் தெருவில் எங்கள் கழிவை வேறொருவர் தலையில் வைத்திருந்தோம். வரலாறு வேறு, கொடுமையின் வடிவம் வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் யாரோ ஒருவரின் உடல்தான் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது. பணமும் அதிகாரமும் உள்ளவர்கள் மண்ணைக் காட்டிவிட்டுத் தப்பிக்கலாம் என்கிற வசதி மட்டும் ஒன்றாகவே இருந்தது. அதை நான் ஒரு கரிசலிலிருந்து இன்னொரு கரிசலுக்குச் சுமந்துவந்திருந்தேன்.

நாட்காட்டி

நான் போய்வருவதற்கு முன்பே, 2021 நவம்பரில், மத்திய நீதித் துறை இந்தக் கவுண்டியின் கழிவுநீர் நிலையைக் குடிமை உரிமைகள் சட்டத்தின் கீழ் விசாரிக்கத் தொடங்கியிருந்தது. 2023 மே மாதம் மாநிலச் சுகாதாரத் துறையோடு ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. கழிவுநீர் அமைப்பு இல்லாததற்காக மக்கள்மீது குற்றநடவடிக்கை எடுப்பதை நிறுத்துவது, நிலைமையை வீடு வீடாகக் கணக்கெடுப்பது, தேவை மிகுந்தவர்களுக்கு முதலில் அமைத்துக் கொடுப்பது என்று அதில் இருந்தது. அந்தச் செய்தி வந்த நாளில் நண்பர் ஆலைக்கு இரண்டு பெட்டி டோனட் வாங்கிவந்தார். சில வீடுகளுக்குத் தொட்டிகள் வந்தன. 2025 ஏப்ரலில், பன்மைத்துவம் சார்ந்த திட்டங்களுக்கு எதிரான அதிபர் டிரம்ப்பின் ஆணையைக் காரணம் காட்டி, நீதித் துறை அந்த உடன்பாட்டை முடித்துக்கொண்டது. ஒரு வயதான பெண்ணின் குளியல் தொட்டியில் கழிவுநீர் ஏறாமல் இருப்பதை அப்படியொரு பட்டியலில் சேர்த்து நீக்கியதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. தொண்டு அமைப்புகள் கையிலிருக்கும் பணத்துக்குத் தகுந்தபடி வேலையைத் தொடர்கின்றன. நண்பரின் தாயார் பெயரும் ஒரு பட்டியலில் இருக்கிறது.

அதே ஆண்டு மே மாதத்தில் அவரைப் பார்க்கப் போனேன். 2022இல் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போகும் வழியெல்லாம் சொற்களைச் சேர்த்துவைத்திருந்தேன். சொல்லி முடிப்பதற்குள், அதையெல்லாம் இன்னுமா வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கையை வீசிவிட்டு, “உனக்குத் தெரிந்ததை விண்ணப்பத்தில் எழுதிக் கொடு” என்றார். அன்று மாலை மூவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பினோம். மண்ணின் தன்மை என்ற இடத்தில் எனக்குத் தெரிந்ததை எழுதினேன். அடுத்த வரியில், மண்ணை அகற்றி மணல்மேடு அமைத்தால் தடையின்றி இயங்கும் என்றும், எட்டு மைலுக்குள் இருக்கும் தொழிற்சாலைகளின் கட்டடங்களுக்கு அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது என்றும் சேர்த்தேன். அந்த வரியை உரக்கப் படிக்கச் சொல்லி இரண்டுமுறை கேட்டார்.

ஆதாரம் ஏதாவது இணைக்க முடியுமா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. அவர் எழுந்துபோய்க் குளிர்சாதனப் பெட்டியின் பக்கவாட்டில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அந்த வட்டாரத்தில் ஈமச்சடங்கு நடத்தும் நிலையங்கள் ஆண்டுதோறும் வாடிக்கைக் குடும்பங்களுக்கு இலவசமாகத் தரும் நாட்காட்டி அது. தொட்டியில் தண்ணீர் ஏறிய நாட்களை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, வட்டத்துக்குள் ஓர் எண்ணை எழுதியிருந்தார். எத்தனை விரற்கடை என்ற அளவு. அலமாரியிலிருந்து பழைய நாட்காட்டிகளையும் எடுத்தார். பதினோரு ஆண்டுகளுக்கானவை இருந்தன. நண்பர் ஒவ்வொரு பக்கமாகக் கைபேசியில் படமெடுக்க, நான் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அன்று காலையிலும் மழை பெய்திருந்தது. பாதி வேலையில் அவர் பேத்தியைக் கூப்பிட்டுப் பார்த்துவரச் சொன்னார். சிறுமி ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, அங்கிருந்தே இரண்டு விரலைக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பேனாவின் மூடியைத் திறந்து, அன்றைய தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.